மழுங்கிய கத்தியும் மாறாத கோணமும்

விருந்தினர் வருகிற நாளில்தான் வீட்டுக் கத்தி மழுங்கிக் கிடக்கும் விஷயம் வெளியாகிறது. மற்ற நாட்களில் வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் எப்படியோ அழுத்தி நறுக்கிக் காலம் தள்ளிய அதே கத்தி, நன்றாகப் பழுத்த தக்காளியின் தோலில் வைத்த மாத்திரத்தில் வழுக்கி விலகுவதையும், பலங்கொண்டு அழுத்தினால் பழத்தை நறுக்காமல் நசுக்குவதையும், வெங்காயத்தை எடுத்தால் வழக்கத்துக்கு மேல் கண்ணீரைப் பெருக்குவதையும் கண்ட பிறகு, வீட்டிலிருப்பவர் அதை எடுத்துக்கொண்டு அம்மியின் ஓரத்தையோ, வாசற்படிக் கருங்கல்லையோ, அவையும் இல்லாத அடுக்குமாடி வீடுகளில் பீங்கான் கோப்பையின் அடிவளையத்தையோ தேடிப் போவது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வெங்காயக் கண்ணீருக்கும் கத்தியின் மழுங்கலுக்கும் உண்மையாகவே சம்பந்தம் உண்டு. கூரிய கத்தி வெங்காயத்தின் நுண்ணிய செல்களை அறுத்துக்கொண்டு போகிறது. மழுங்கிய கத்தியோ அவற்றை நசுக்கி, கண்ணை எரிக்கும் சாற்றை அதிகமாகக் கிளப்பிவிடுகிறது.

கூர் ஏற்றுவதற்கென்று இன்று கடைவீதியில் விற்கும் சாதனங்களுக்குக் குறைவில்லை. இருபக்கக் கார்போரண்டம் கல், ஜப்பானிய நீர்க்கல், வைரத்தூள் பதித்த தகடு, எஃகுக் கோல், பீங்கான் கோல், பள்ளத்தில் வைத்து இழுத்தால் போதுமென்று விளம்பரம் செய்யப்படும் கையடக்கக் கருவி, கவ்வியில் கத்தியை மாட்டித் தண்டு வழியே கல்லை ஓட்டும் அமைப்பு, மின்சாரச் சக்கரம் என்று வகைகள் பெருகிக்கொண்டே போக, விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரங்களுக்கு ஏறிவிடுகிறது. இவை யாவும் வெவ்வேறு வேஷம் போட்டுக்கொண்டு ஒரே காரியத்தைச் செய்ய முற்படுபவை. அந்தக் காரியம் இன்னதென்று தெரிந்துகொண்டவருக்கு, வாங்கத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்பதைக் கடைக்காரர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கத்தியின் வாய் என்று நாம் சொல்வது, அலகின் இரண்டு பக்கங்களும் சரிந்துவந்து ஒன்றையொன்று சந்திக்கும் கோடு. அந்தச் சந்திப்பு எவ்வளவு நுட்பமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கூர். கத்தியை விளக்குக்கு நேரே, வாய் மேல்நோக்கியிருக்கும்படி பிடித்துச் சற்றே அப்படியும் இப்படியும் சாய்த்துப் பாருங்கள்: கூர் உள்ள இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது, மழுங்கிய இடத்தில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு மின்னும். சந்திப்புக் கோடு தேய்ந்து, வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் அளவுக்கு அகன்றுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

மழுங்குதல் என்பதிலும் இருவகை உண்டு. வாய் தேயாமலே ஒரு பக்கமாக மடங்கிப்போவது ஒன்று. உண்மையிலேயே தேய்ந்துபோவது மற்றொன்று. கசாப்புக்கடைக்காரர் வேலைக்கு நடுவில் நீண்ட எஃகுக் கோலில் கத்தியை இரண்டு முறை உரசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது மடங்கிய வாயை நிமிர்த்துமே தவிர, தேய்ந்த வாயைப் புதிதாக உண்டாக்காது. ஆகையால் கோலில் எவ்வளவு உரசியும் கத்தி வெட்டவில்லையென்றால் கோலைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் கத்தி கல்லுக்குப் போகவேண்டிய பருவத்தை அடைந்துவிட்டது.

இந்த வித்தைக்கு உயிர்நிலை கோணம். அடுக்களைக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையிலும், எலும்பு வெட்டும் கனத்த கத்திக்கு 25 பாகைக்கு மேலும் சரிவு இருப்பது நலம். கோணம் குறையக் குறையக் கத்தி இலேசாக இறங்கும். ஆனால் வாய் மெலிந்து சீக்கிரம் சேதமாகும். பாகைமானியை வைத்துக்கொண்டு யார் கத்தி தீட்டுவார் என்று கேட்கலாம். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கல்லின்மேல் கத்தியைக் கிடத்தி, முதுகை அலகின் அகலத்தில் கால் பங்கு உயரம் தூக்கினால் ஏறத்தாழ 15 பாகை. மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 20 பாகை. 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு முறையே 12, 15 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் அகலமுள்ள பேனாக்கத்திக்கு 20 பாகை வேண்டுமானால் 5 மில்லிமீட்டர் போதும். சட்டைப்பைக் கத்தியைத் தீட்டுவது ஏன் அடுக்களைக் கத்தியைவிடக் கடினமாக இருக்கிறதென்பதும் இந்தக் கணக்கிலேயே விளங்கும். அகலம் குறைந்த அலகில், விரல் ஒரு மில்லிமீட்டர் தடுமாறினாலும் கோணம் நான்கு பாகை மாறிவிடுகிறது.

அந்தத் தடுமாற்றந்தான் தீட்டுகிறவரின் சத்துரு. கை முன்னே போகும்போது மணிக்கட்டு தன்னை அறியாமல் மேலெழும். பின்னே வரும்போது தாழும். இரண்டும் சேர்ந்து, நேராகச் சந்திக்கவேண்டிய பக்கங்களை உருட்டையாக்கிவிடும். மணிக்கணக்காகத் தேய்த்தும் கூர் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான். கடையில் விற்கும் சாதனம் எதுவானாலும், கோணத்தை நிலைநிறுத்தும் பொறுப்பை மனிதன் கையிலிருந்து எவ்வளவு தூரம் தான் ஏற்றுக்கொள்கிறது என்பதும், அதற்குப் பிரதியாகக் கத்தியின் எவ்வளவு உலோகத்தைத் தின்கிறது என்பதுமே அதன் தராதரத்தை அறிய நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

இனித் தேய்க்கும் பொருளைக் கவனிப்போம். எஃகைத் தேய்ப்பது எஃகைவிடக் கடினமாயிருக்க வேண்டும் என்பது வெளிப்படை. நம் நாட்டுப் பனையேறிகள் வெங்கச்சங்கல்லை இடித்துப் பொடியாக்கி, அதை மரக்கட்டையின்மேல் தூவிப் பாளை சீவும் அரிவாளைத் தீட்டும் வழக்கத்தில் இந்தத் தத்துவம் முழுமையாக அடங்கியிருக்கிறது. தீட்டின மரத்திலே கூர் பார்க்கிற நன்றிகெட்டவனைப்பற்றிப் பேசுகிற நம் பழமொழிக்கும் அத்தகைய மரந்தான் ஆதாரமாக இருக்கவேண்டும்; கல்லைவிட்டு மரத்தைச் சொன்னதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வெங்கச்சங்கல்லைவிடக் கடினமானது குருந்தக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்தில் கிடைக்கும் இதன் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கி வார்த்த சாணைச் சக்கரங்களை இந்நாட்டு இரத்தினக்கல் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தார்கள்.

1891-ஆம் வருஷத்தில் அமெரிக்கராகிய எட்வர்டு ஆச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றியபோது, வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க கடினமுள்ள படிகங்கள் கிடைத்தன. அதுவே கார்போரண்டம் என்ற பெயரோடு உலகெங்கும் பரவி, நம் ஊர் இரும்புக்கடையின் மூலையிலும் வந்து உட்கார்ந்தது. 1954-இல் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, ஆங்கிலக் கம்பெனிகளோடு கூட்டுச்சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர், திருவொற்றியூரிலேயே இத்தகைய சாணைப் பொருள்கள் உற்பத்தியாகலாயின. இயற்கைக் கற்களுக்கு இன்றும் அபிமானிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்துக் கல்லும், பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக் கல்லும், ஜப்பானில் கியோத்தோ நகரையடுத்த மலைகளில் வெட்டியெடுத்த கல்லும் பெயர்பெற்றவை. அவற்றின் விலையைக் கேட்ட பிறகு செயற்கைக் கல்லின் அருமை நமக்கு நன்றாக விளங்கும்.

கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அதன் துகள்களின் நுண்மையைக் குறிப்பது. 200 முதல் 400 வரை சொரசொரப்பு. பல் விழுந்த கத்தியைச் சீராக்குவதற்கு உரியது. 1000 நடுத்தரம், அதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு இருக்கும். 3000, 6000 என்பன மெருகுக்கு. காய்கறி நறுக்கும் கத்திக்கு 1000 எண்ணிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. தக்காளித் தோலைப் பற்றிக்கொள்வதற்கு மிகுந்த மெருகைவிடச் சற்றுச் சொரசொரப்பான வாயே அனுகூலம் என்பதும் உண்மை. 8000 எண் கல் வாங்கியாயிற்று என்று பெருமைப்படுகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. அது கத்திக்கு அல்ல, வாங்கியவரின் மனத்துக்குத் திருப்தி.

எஃகின் குணத்தையும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. முற்காலத்துக் கத்தி துருப்பிடிக்கும், ஆனால் தீட்டினால் உடனே கூர் ஏறும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழலுக்கு உகந்த உலோகத்தைத் தேடிக்கொண்டிருக்கையில் 1913-இல் துருப்பிடிக்காத எஃகை வார்த்தெடுத்து, அதைக் கொண்டு கத்தி செய்யலாம் என்று சொன்னபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகானுபாவர் என்று அவ்வூர்த் தொழிலாளர் அவரைப் பரிகசித்தார்களாம். இன்று நம் அடுக்களைகளில் இருப்பவை பெரும்பாலும் அந்த எஃகின் சந்ததிகள். எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவையில் ஜெர்மானியக் கத்திகள் 56 முதல் 58 வரையிலும், ஜப்பானியக் கத்திகள் 60-க்கு மேலும் இருக்கும். கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரில் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்து, 1897-இல் பதிவு செய்யப்பட்ட அதிகாரிகள் கத்தியால் உலகப் பிரசித்தி பெற்ற விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தியின் எஃகு 55, 56 என்ற அளவில் சற்று மென்மையானதே. மென்மையானது சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூரும் ஏறும். எந்தக் கல்லும் அதற்குப் போதும். மிகக் கடினமான ஜப்பானிய அலகை மட்டும் எஃகுக் கோலில் உரசலாகாது; வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதற்கு நீர்க்கல்லே தகுதி.

இப்போது சாதனங்களை ஒவ்வொன்றாக எடைபோடலாம். பள்ளத்தில் இழுக்கும் கையடக்கக் கருவியின் உள்ளே, டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான உலோகத் துண்டுகள் இரண்டு குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை எஃகைத் தேய்ப்பதில்லை, சீவியெடுக்கின்றன. இழுத்து முடித்த பிறகு வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டிப் பார்த்தால் சுருள் சுருளாக உலோகத் துணுக்குகள் உதிரும். கத்தி உடனே வெட்டுவதுபோல் தோன்றுவதும் வாஸ்தவந்தான். ஆனால் அந்த வாய் கிழிந்த வாயாதலால் சில நாளில் பழைய கதையாகிறது, மறுபடியும் இழுக்கவேண்டி வருகிறது, இப்படியே அலகின் அகலம் குறைந்துகொண்டு போகிறது. பத்து நிமிஷ சிரமத்தைச் சேமித்துக் கொடுத்துக் கத்தியின் ஆயுளை வாங்கிக்கொள்ளும் இந்த வியாபாரம் எனக்கு உவப்பானதன்று. உள்ளே பீங்கான் சக்கரம் வைத்துள்ள வகை அவ்வளவு தீங்கு செய்யாது.

தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சாணை பிடிப்பவர் விஷயம் வேறு. அவர் சக்கரத்தில் பறக்கும் பொறிகள் யாவும் கத்தியின் எஃகுத்தூள் சூடேறி எரிவதால் உண்டாகின்றவை. வாய் மிகவும் மெல்லியதாகையால் நொடியில் சூடேறிவிடும். 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் கொல்லர் துவைச்சல் போட்டு ஏற்றிய கடினம் குறையத் தொடங்கும். 300-ஐ எட்டினால் எஃகின்மேல் நீலம் பாய்ந்து தெரியும். நீலம் பாய்ந்த வாய் கூராயிருந்தாலும் நிலைத்து நிற்காது. ஆயினும் அரிவாள்மனைக்கும், தேங்காய் உடைத்துப் பல் விழுந்த வெட்டுக்கத்திக்கும் அவரைவிட உபகாரி கிடையாது. சக்கரத்தில் இலேசாகத் தொட்டுத் தொட்டு எடுக்கும்படியும், இடையிடையே தண்ணீரில் முக்கும்படியும் கேட்டுக்கொண்டால் மறுக்கமாட்டார். மின்சாரச் சக்கரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சுவீடன் தேசத்து டார்மெக் போன்றவை விதிவிலக்கு. தச்சுப் பட்டறைக்கு அவை தகும். ஒரு குடும்பத்துக்கு மிகை.

கோணத்தைத் தாமே காக்கும் சாதனங்களில் இரண்டு எனக்குச் சிலாக்கியமாகப் படுகின்றன. அமெரிக்காவில் ஸ்பைடெர்கோ கம்பெனியார் செய்யும் ஒரு வகையில், இரண்டு பீங்கான் கோல்கள் ஓர் அடிப்பலகையிலிருந்து வி-வடிவத்தில் சாய்ந்து நிற்கின்றன. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இறக்குவதொன்றே நம் வேலை. பக்கத்துக்கு 15 அல்லது 20 பாகை என்பதைக் கோல்கள் பார்த்துக்கொள்ளும். செங்குத்து எது என்பது எவருக்கும் கண்ணால் தெரியுமாகையால், அப்பியாசம் இல்லாதவரும் இதில் தவறமாட்டார். மிகவும் மழுங்கிப்போன கத்திக்கு மட்டும் இது நேரம் பிடிக்கும். மற்றொன்று லான்ஸ்கி வகை: கவ்வியில் அலகை இறுக்கி, 17, 20, 25, 30 பாகைக்கென்று குடைந்த துளைகளில் ஒன்றில் தண்டைச் செருகி, தண்டின் நுனியிலுள்ள கல்லை அலகின்மேல் ஓட்டுவது. பேனாக்கத்திக்கு இது மிகப் பொருத்தம். எட்டு அங்குல அடுக்களைக் கத்திக்கு நடுவில் கவ்வியை மாற்றவேண்டியிருப்பதால் பொறுமையைச் சோதிக்கும்.

இத்தனைக்கும் பிறகு, கல்லுக்கு ஈடு கல்லே என்பது என் துணிபு. 1000 எண் நீர்க்கல்லைக் குமிழி விடுவது நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியை நான்காக மடித்து அதன்மேல் அசையாதபடி வைத்துக்கொள்ளவேண்டும். கார்போரண்டம் கல்லானால் தண்ணீரோ மெல்லிய இயந்திர எண்ணெயோ போதும். சமையலெண்ணெயை விட்டால் நாளடைவில் பிசினாகிக் கல்லின் கண்களை அடைத்துவிடும். கத்தியின் வாய்ச்சரிவு முழுவதிலும் மார்க்கர் பேனாவால் மைபூசிவிட்டு, மேலே சொன்ன கணக்குப்படி முதுகைத் தூக்கி, இடது கையின் இரண்டு விரல்களை அலகின்மேல் மெதுவாக ஊன்றி, நான்கைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை சரிவின் மேல்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகு மிகத் தாழ்ந்திருக்கிறது; வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் மிக உயர்ந்திருக்கிறது; முழுவதும் அழிந்திருந்தால் அந்தக் கோணத்தையே கை மறவாமல் பிடித்துக்கொள்ளட்டும். தேய்க்கத் தேய்க்கக் கல்லின்மேல் கருஞ்சேறு படியும். அதைக் கழுவிவிட வேண்டாம். வேலை செய்வதில் அதற்கும் பங்குண்டு.

ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் தேய்ப்பது என்பதற்குக் கடிகாரமோ எண்ணிக்கையோ பிரமாணமன்று; பிசிறே பிரமாணம். ஒரு பக்கம் முற்றிலும் தேய்ந்து வாயை எட்டியதும், மெலிந்த எஃகு மறுபக்கமாகச் சுருண்டு நிற்கும். கட்டைவிரலை அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக, குறுக்கே, வெளிநோக்கி மெல்ல நகர்த்தினால், விளிம்பில் ஏதோ சொரசொரவென்று விரல்தோலைப் பற்றும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. விரலை நம்பாதவர் ஒரு துளி பஞ்சை அப்படியே வருடிப் பார்க்கலாம். பிசிறு உள்ள இடமெல்லாம் பஞ்சிழை மாட்டிக்கொள்ளும். அடிப்பகுதி முதல் நுனி வரையில் பிசிறு தொடர்ச்சியாகத் தென்பட்ட பிறகே கத்தியைத் திருப்பவேண்டும். பிசிறு எழாமல் பக்கம் மாற்றுகிறவர் எத்தனை விலையுயர்ந்த கல்லில் தேய்த்தாலும் பலன் காணமாட்டார். மறுபக்கத்திலும் அவ்வாறே எழுப்பியபின், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கத்தியின் பாரம் மட்டும் கல்லில் இருக்கும்படி பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு சிறுத்துப்போகும்.

மிஞ்சியிருப்பதைப் போக்குவதற்கு நாவிதர் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் முறையே உத்தமம். பழைய இடுப்புவாரின் உட்பக்கத்தைப் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லையேல் கல்லின்மேல் செய்தித்தாளைச் சுற்றிக்கொள்ளலாம். முதுகு முன்னே போக, வாய் பின்தொடர இழுக்கவேண்டும். மாறிச் செய்தால் தோல் அறுபடும். பிறகு ஒரு செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் கத்தியை இறக்கிப் பாருங்கள். தாள் கிழியாமல் சீராக அறுபட்டால் வேலை முடிந்தது. நடுவே எங்கேனும் சிக்கினால் அந்த இடத்தில் பிசிறோ மழுங்கலோ மீந்திருக்கிறது.

அரிவாள்மனையைக் கல்லுக்குக் கொண்டுபோவதைவிட, மனையை அசையாமல் வைத்து, சிறிய கார்போரண்டம் கல்லை நனைத்து அலகின்மேல் ஓட்டுவது எளிது. ரம்பப் பல்லுள்ள ரொட்டிக் கத்தியை அதற்கென்ற மெல்லிய கூம்புக் கோலால்தான் தீட்டமுடியும். நாட்பட்ட கல் நடுவில் குழிந்துவிடும். தட்டையான கண்ணாடியின்மேல் நீருக்குத் தாங்கும் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தால் மட்டமாகும். ஏற்றிய கூர் நிலைக்கவேண்டுமானால், சமையல்மேடைக் கிரானைட்டின்மேலும் பீங்கான் தட்டின்மேலும் வைத்து நறுக்குவதை நிறுத்தி, மரப்பலகையை உபயோகிக்க வேண்டும். நறுக்கியதை வழிப்பதற்கு வாயையல்ல, முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கரண்டிகளோடு கலந்து போட்டுவைக்கலாகாது.

ஆகவே சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கவேண்டியது 1000 எண் கல்லும், பல் விழுந்தால் சீராக்கச் சொரசொரப்பான கார்போரண்டம் கல்லொன்றும் மாத்திரமே. கல்லில் பழக நேரமோ விருப்பமோ இல்லாதவர்கள் பீங்கான் கோல் சாதனத்தை வாங்கிக்கொள்ளட்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கல்லில் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலையுயர்ந்த கத்தியில் முதலில் கைவைக்க வேண்டாம், மேஜை இழுப்பறையில் உபயோகமற்றுக் கிடக்கும் பழைய கத்தியொன்றை எடுத்து, அதில் பிசிறு எழுவதை விரல் அறிந்துகொள்ளும்வரை தீட்டிப் பாருங்கள்.